கேஸ் மீண்டும் மீண்டும் இறங்கும் ஏசி: பழுதுபார்ப்பதா, புதிது வாங்குவதா?

உங்கள் நிலைமையைச் சுருக்கமாக எடுத்துக்கொள்கிறேன். திருவான்மியூரில் கடற்கரைக்கு அருகே அடுக்குமாடி வீடு. 2016-இல் வாங்கிய ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏசி, இன்வெர்ட்டர் (கம்ப்ரசரின் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றும் அமைப்பு) இல்லாதது, ஆர்22 என்ற பழைய வகைக் குளிரூட்டும் கேஸில் ஓடுவது. சென்ற கோடையில் ஒரு முறையும் இந்த ஆண்டு பங்குனியில் ஒரு முறையும் கேஸ் நிரப்பிய பிறகும் குளிர்ச்சி மறுபடி போய்விட்டது. கூலிங் காயிலை மாற்ற வேண்டும் என்று ஒரு மெக்கானிக் 13,500 ரூபாய் கேட்கிறார். கம்ப்ரசரே போய்விட்டது என்று இன்னொருவர் 18,000 ரூபாய் சொல்கிறார். மூன்றாம் முறையாகக் கேஸ் போட்டு இந்தக் கோடையை ஓட்டிவிடலாமா, இரண்டில் ஒரு பழுதைச் செய்வதா, புதிதாகவே வாங்கிவிடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூன்றாம் முறை கேஸ் போடாதீர்கள் என்பதை முதலிலேயே உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். மற்ற இரண்டில் எதைச் செய்வது என்பது கசிவு எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதை இரண்டு மெக்கானிக்குகளில் எவரும் இதுவரை உங்களுக்குக் காட்டியதாகத் தெரியவில்லை. எனவே நீங்கள் அடுத்துச் செலவழிக்கும் பணம் பழுதைக் கண்டுபிடிப்பதற்கான பணமாக இருக்க வேண்டும்.

ஏசியில் உள்ள கேஸ் எரிந்து தீரும் பொருள் அன்று. கேஸை அமுக்கும் கம்ப்ரசர், வெளியே வெப்பத்தை விடும் கண்டென்சர் காயில், அறைக்குள் குளிர்விக்கும் கூலிங் காயில், அவற்றை இணைக்கும் காப்பர் பைப்புகள் ஆகிய எல்லாம் சேர்ந்து மூடப்பட்ட ஒரே சுற்று. அந்தச் சுற்றுக்குள் அதே கேஸ் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறி ஓடிக்கொண்டிருக்கிறது. கசிவு இல்லாத ஏசியில் பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் கம்பெனியில் நிரப்பிய கேஸ் அப்படியே இருக்கும். "வருஷா வருஷம் கேஸ் டாப்-அப் பண்ணணும் சார்" என்று சொல்பவர், ஓட்டை இருப்பதை ஒப்புக்கொண்டு, அதை அடைக்காமல் விட்டுச்செல்கிறார் என்றே பொருள். சென்னையில் ஒரு முறை கேஸ் நிரப்ப இன்று பொதுவாக 2,500 முதல் 3,500 ரூபாய் வரை ஆகிறது; நீங்கள் இரண்டு முறை செலவழித்த தொகை ஒரு சிறிய கசிவை முறையாகச் சரிசெய்யப் போதுமானதாக இருந்திருக்கும்.

முறையாகக் கசிவு பார்ப்பது எப்படி என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால், வருபவர் வேலை தெரிந்தவரா என்பதை நீங்களே கணித்துவிடலாம். மீதமிருக்கும் கேஸை வெளியே எடுத்த பிறகு, சுற்றுக்குள் நைட்ரஜனை ஏற்றி, ஆர்22 இயந்திரம் என்றால் சுமார் 250 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) அளவில் நிறுத்தி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரையைத் தடவிப் பார்க்க வேண்டும். சைக்கிள் டியூபைத் தண்ணீரில் அழுத்திப் பஞ்சர் பார்ப்பதைப் போன்றதுதான் இது. நுரையில் எங்கும் குமிழ் எழவில்லை என்றால் அழுத்த மீட்டரை அப்படியே மாட்டிவிட்டு, சில மணி நேரமோ ஓர் இரவோ கழித்து முள் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நைட்ரஜனுக்குப் பதிலாக ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டுவருபவரை வேலையைத் தொடவே விடாதீர்கள். கம்ப்ரசர் எண்ணெயும் அழுத்தமேறிய ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும். கசிவை அடைத்த பின்பு வேக்கம் பம்ப் வைத்து அரை மணி நேரமாவது உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும். வால்வை மூடி வேக்கம் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, அவுட்டோர் யூனிட்டின் தகட்டில் எழுதியிருக்கும் அளவுக்குத் தராசில் எடைபோட்டுக் கேஸை ஏற்ற வேண்டும். பம்பும் தராசும் இல்லாமல், சிலிண்டரையும் ஒரு மீட்டரையும் மட்டும் தூக்கிக்கொண்டு வந்து இருபது நிமிடத்தில் முடித்துவிட்டுப் போகும் வேலைதான் அடுத்த கோடையில் உங்களை மறுபடி அழைக்க வைக்கிறது.

கம்ப்ரசர் போய்விட்டது என்று சொன்னவரின் கூற்றையும் சோதிக்காமல் ஏற்கக் கூடாது. கம்ப்ரசர் ஓடும்போது அது இழுக்கும் மின்னோட்டத்தைக் கிளாம்ப் மீட்டரால் அளந்து, தகட்டில் அச்சிட்டிருக்கும் ஆம்பியரோடு ஒப்பிடச் சொல்லுங்கள். உங்கள் வகை இயந்திரம் நல்ல நிலையில் ஏழு, எட்டு ஆம்பியரை ஒட்டி இழுக்கும். அளவு குறைவாக இருந்து, ஓடும்போது உறிஞ்சும் பக்கத்தில் உள்ள அழுத்தமும் ஆர்22-க்கு வழக்கமான 60 முதல் 70 பிஎஸ்ஐ வரம்புக்குக் கீழே இறங்கியிருந்தால் அது கேஸ் குறைவின் அடையாளம். கூலிங் காயிலின் தொடக்கத்திலும் அவுட்டோரில் உள்ள மெல்லிய பைப்பிலும் பனி படிந்திருப்பதையும் காணலாம். மின்னோட்டம் குறைவாக இருந்தும் உறிஞ்சும் பக்க அழுத்தம் வழக்கத்தைவிட உயர்ந்தே நின்றால்தான் கம்ப்ரசர் அமுக்கும் திறனை இழந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். அது தொடங்க முயன்று "உம்ம்" என்று முனகிச் சில நொடிகளில் நின்றுவிடுகிறது என்றால், கம்ப்ரசரைக் குற்றம் சொல்வதற்கு முன்னால், அதைத் தொடங்க உதவும் மின்பாகமான கெபாசிட்டரைக் கழற்றி அளக்க வேண்டும். வெயிலில் காய்ந்து காய்ந்து உச்சி புடைத்துப்போன கெபாசிட்டர்கள் நம் ஊரில் ஏராளம். அதன் உடலில் எழுதியிருக்கும் மைக்ரோஃபாரட் அளவோடு மீட்டர் காட்டும் அளவு ஒத்துவரவில்லை என்றால் சில நூறு ரூபாயில் பழுது முடிந்துவிடும். கெபாசிட்டர் போனதைக் கம்ப்ரசர் போனதாகச் சொல்லிப் பல ஆயிரம் ரூபாய் வாங்குவது இந்தத் தொழிலில் நடக்கும் மிக மோசமான ஏமாற்று என்று நான் கருதுகிறேன். ஒழுங்காக வேலை செய்யும் பெரும்பாலான மெக்கானிக்குகளுக்கும் அது கெட்ட பெயரைத் தேடித்தருகிறது.

உங்கள் ஏசி கேஸ் போட்டவுடன் சில மாதம் நன்றாகக் குளிர்ந்திருக்கிறது என்பதால், கம்ப்ரசர் நல்ல நிலையில் இருக்கவே வாய்ப்பு அதிகம். பழுது கசிவில்தான் இருக்கும். அது மூன்று இடங்களில் இருக்கலாம். மூன்றுக்கும் தீர்வு வேறு, செலவும் வேறு.

முதலாவது, பைப்புகளை இணைக்கும் ஃபிளேர் நட்டுகளும் அவுட்டோர் யூனிட்டில் உள்ள சர்வீஸ் வால்வும். இணைப்பைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் தெரிந்தால் பெரும்பாலும் அங்கேதான் கசிகிறது, ஏனெனில் கேஸோடு சேர்ந்து கம்ப்ரசர் எண்ணெயும் துளித்துளியாக வெளிவரும். பைப்பின் வாயைப் புதிதாக விரித்து, நட்டை மாற்றி, வேக்கம் போட்டுக் கேஸ் ஏற்ற நான்காயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். அப்படியென்றால் இந்த ஏசியை வைத்துக்கொள்வதில் தவறில்லை.

இரண்டாவது, கூலிங் காயில். உங்கள் மெக்கானிக் இதைத்தான் சொல்கிறார், கடற்கரை வீட்டில் அது நம்பக்கூடியதும்கூட. காப்பர் குழாயில் ஊசிமுனையைவிடச் சிறிய துளைகள் எறும்புப் புற்றைப்போலக் கிளைத்துச் செல்லும் ஒருவகை அரிப்பு உண்டு. ஃபார்மிக் அமிலம், அசிட்டிக் அமிலம் ஆகியவற்றின் ஆவி ஈரத்தோடும் காற்றோடும் சேரும்போது அது உண்டாகிறது. புதிய பிளைவுட், பசை, சில வகைத் துப்புரவுத் திரவங்கள் ஆகியவற்றிலிருந்து அந்த ஆவி வீட்டுக்குள்ளேயே வருகிறது. கழிவுநீர்க் கால்வாய் பக்கத்தில் இருந்தால் ஹைட்ரஜன் சல்பைடும் செம்பைக் கருக்கவைத்து அரிக்கும். இப்படி அரித்த காயிலில் ஒரு துளையை வெல்டிங் வைத்து அடைத்தால் சில மாதங்களில் பக்கத்தில் இன்னொன்று திறக்கும். உங்களுக்குக் கேஸ் நிரப்பிய பிறகும் மீண்டும் மீண்டும் இறங்கியிருப்பது இதோடு பொருந்துகிறது. வளைவில் ஒரே ஒரு துளை தெளிவாகத் தெரிந்தால் மட்டும் வெல்டிங் போதும். மற்றபடி காயிலை முழுதாக மாற்றுவதே வழி.

மூன்றாவது, வெளியே இருக்கும் கண்டென்சர் காயில். அதன் அலுமினியத் தகடுகளை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். வெண்மையான பொடியாக உதிர்ந்தால் உப்புக்காற்று அதைத் தின்றுவிட்டது என்று பொருள். அந்த நிலையில் உள்ளே புதிய கூலிங் காயிலைப் போட்டாலும், அடுத்த கசிவு வெளியிலிருந்து வரும். குளிர்ச்சியும் முன்போல இராது. இந்த ஒன்றை நீங்களே பால்கனியில் நின்று, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, இன்றே பார்த்துவிடலாம்.

இனி ஆர்22-ஐப் பற்றி. ஓசோன் படலத்தைச் சிதைக்கும் இந்தக் கேஸ் மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி கைவிடப்பட்டு வருகிறது. இந்தியாவில் 2025 தொடக்கத்திலிருந்து புதிய ஏசிகளில் அதைப் பயன்படுத்த முடியாது. பழையவற்றின் பராமரிப்புக்கு மட்டும் கிடைக்கிறது, அந்த அளவும் 2030-க்குள் மிகச் சொற்பமாகிவிடும். ஆகவே ஆர்22 இயந்திரத்தில் போடும் ஒவ்வொரு ரூபாயும் ஆண்டுக்கு ஆண்டு கிடைப்பதற்கு அரிதாகும் ஒரு பொருளை நம்பிப் போடும் ரூபாய். இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. ஆர்22 கிடைக்கவில்லை என்று சொல்லி அதே இயந்திரத்தில் புதிய ஏசிகளுக்கான ஆர்32 கேஸை ஏற்ற எவரையும் அனுமதிக்காதீர்கள். ஆர்32-இன் அழுத்தம் ஒன்றரை மடங்குக்கும் மேல், அது தீப்பற்றக்கூடியது, பழைய கம்ப்ரசரில் இருக்கும் எண்ணெயும் அதற்கு ஒத்துவராது.

என் பரிந்துரை இதுதான். ஃபிளேர் நட்டிலோ வால்விலோ கசிவு என்றால் சரிசெய்து இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் பயன்படுத்துங்கள். கூலிங் காயில் என்றால், கண்டென்சர் திடமாக இருந்தாலும்கூட, 13,500 ரூபாயை அதில் போடாதீர்கள். புதிய ஏசி வாங்குங்கள். எட்டு வயதைத் தாண்டிய ஏசிக்கு, புதியதன் விலையில் மூன்றில் ஒரு பங்கை எட்டும் பழுதுச் செலவைச் செய்யக் கூடாது என்பது நான் கடைப்பிடிக்கும் அளவுகோல். உங்கள் காயில் செலவு சரியாக அந்த எல்லையில் நிற்கிறது, ஆர்22 அதை எல்லைக்கு அப்பால் தள்ளிவிடுகிறது. கம்ப்ரசருக்கு 18,000 ரூபாய் என்பது எண்ணிப்பார்க்கவே வேண்டாத தொகை. இதே ஏசி நான்கு வயதான இன்வெர்ட்டராக இருந்திருந்தால் காயிலை மாற்றுங்கள் என்று தயங்காமல் சொல்லியிருப்பேன்.

புதியது வாங்கும்போது கடையில் எழுதியிருக்கும் விலை முழுச் செலவு அன்று. 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்திருப்பதால், ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி நட்சத்திரத்தைப் பொறுத்து ஏறத்தாழ 35,000 முதல் 45,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. அதன்மேல் பொருத்தும் கூலி, மூன்று மீட்டருக்கு மேல் போகும் காப்பர் பைப், அவுட்டோர் ஸ்டாண்ட், தேவைப்பட்டால் சுவரில் துளையிடுதல், வடிகால் குழாய் என்று ஐந்து முதல் ஏழாயிரம் ரூபாயை ஒதுக்கிவைத்துக்கொள்ளுங்கள். பழைய பைப்பையே பயன்படுத்தலாம் என்று சொன்னால் மறுத்துவிடுங்கள். அதன் உட்சுவரில் ஆர்22 காலத்து எண்ணெய் படிந்திருக்கும், தடிமனும் புதிய கேஸின் அழுத்தத்துக்குப் போதாமல் இருக்கலாம். பிளக்கின் முனைகள் பழுப்பேறியோ சாக்கெட் உருகியோ இருந்தால் எலக்ட்ரீஷியனை அழைத்து சாக்கெட்டையும் எம்சிபியையும் (மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) மாற்றி, எர்த்தையும் சரிபார்த்த பிறகே புதிய ஏசியை மாட்டுங்கள்.

நட்சத்திரத்தின் எண்ணிக்கையை மட்டும் நம்பி வாங்க வேண்டாம், ஏனெனில் நட்சத்திர அளவுகோல் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை இறுக்கப்படுகிறது. 2018-இல் ஐந்து நட்சத்திரம் பெற ஐஎஸ்இஇஆர் என்னும் திறன் எண் 4.5 போதுமானதாக இருந்தது. 2022 ஜூலை முதல் அது 5.0 ஆக உயர்த்தப்பட்டது. பழைய இருப்பைத் தள்ளிவிட நினைக்கும் கடையில் "ஐந்து நட்சத்திரம்" என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு என்று இதிலிருந்தே தெரியும். ஆகவே லேபிளில் இருக்கும் ஐஎஸ்இஇஆர் எண்ணையும், அதற்கு அருகே ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று அச்சிட்டிருப்பதையும், லேபிள் எந்த ஆண்டுக்குரியது என்பதையும் பாருங்கள். அந்த யூனிட் கணக்கு ஆண்டுக்கு 1,600 மணி நேரப் பயன்பாட்டுக்கானது. ஒன்றரை டன்னில் மூன்று நட்சத்திரத்துக்கும் ஐந்து நட்சத்திரத்துக்கும் இடையே பெரும்பாலும் 200 யூனிட்டை ஒட்டிய வேறுபாடு இருக்கும்.

அந்த 200 யூனிட் உங்களுக்கு எவ்வளவு பணம் என்பது உங்கள் வீட்டு மின்கட்டண அட்டையைப் பொறுத்தது. தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், தாண்டிய யூனிட்டுகளுக்கு எட்டு ரூபாய்க்கும் மேல் ஆகிறது. 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த சலுகை விலையும் போய்விடுகிறது. உங்கள் பழைய ஏசி ஓர் இரவில் எட்டு மணி நேரத்துக்கு எட்டு, ஒன்பது யூனிட் இழுக்கிறது என்றும், நல்ல இன்வெர்ட்டர் ஐந்து யூனிட் அளவில் நிற்கும் என்றும் மதிப்பிட்டால், நட்சத்திர வேறுபாடு ஒருபுறம் இருக்க, பழையதை மாற்றுவதாலேயே கோடையின் ஒரு கட்டணச் சுற்றில் 200 யூனிட் மிச்சமாகும். நீங்கள் 500-ஐத் தாண்டுபவர் என்றால் சுமார் 1,700 ரூபாய். கடற்கரை ஈரக்காற்றில் ஆண்டில் ஆறு மாதம் ஏசி போடுபவருக்கு ஐந்து நட்சத்திரத்தின் கூடுதல் விலை சில ஆண்டுகளில் திரும்பிவிடும். 500-க்குள் நிற்கும் வீட்டில், பகலில் யாரும் இல்லாமல், கத்திரி வெயில் நாட்களில் மட்டும் ஏசி போடுபவருக்கு மூன்று நட்சத்திரமே போதும். அவரிடம் ஐந்து நட்சத்திரத்தை வற்புறுத்தி விற்பது நியாயமில்லை.

இன்வெர்ட்டரிலும் ஒரு பலவீனம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. அவுட்டோர் யூனிட்டுக்குள் இருக்கும் பிசிபி போர்டு (இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகை) மின்னழுத்த ஏற்றத்தாழ்வாலும், இடியாலும், உள்ளே புகுந்து இரண்டு முனைகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும் பல்லியாலும் எரிந்துபோகும். அதை மாற்ற மாடலைப் பொறுத்து 3,000 முதல் 9,000 ரூபாய் வரை ஆகலாம். ஆகவே போர்டுக்கு ஐந்து ஆண்டு உத்தரவாதம் தரும் மாடலையே தேர்ந்தெடுங்கள். கம்ப்ரசருக்குப் பத்து ஆண்டு உத்தரவாதம் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் அது கம்ப்ரசர் என்ற உதிரிபாகத்துக்கு மட்டும்தான், அதை மாற்றும் கூலியும் புதிதாக ஏற்றும் கேஸும் உங்கள் செலவு. கூலிங் காயிலுக்கு எத்தனை ஆண்டு என்று தனியாகக் கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள். உங்கள் பகுதியில் மிக முக்கியமான கேள்வி அதுதான். காயிலுக்கு அரிப்புத் தடுப்புப் பூச்சு உண்டா, காயில் செம்பா அலுமினியமா என்பதையும் கேளுங்கள். அலுமினியக் காயில் ஓட்டையானால் வெல்டிங் வைத்துத் தருபவரைக் கண்டுபிடிப்பது கடினம்.

பழுது பார்த்தாலும் புதிது வாங்கினாலும் பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். பழுதுக்கான பில்லில் மாற்றிய பாகம், ஏற்றிய கேஸின் பெயர், எத்தனை கிராம், எத்தனை மாத உத்தரவாதம் என்பவை இருக்க வேண்டும். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். உத்தரவாதக் காலத்தில் நிறுவனம் அலைக்கழித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யலாம். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணமே இல்லை.

கடைசியாக, பழைய ஏசியைக் கழற்றும் வேலையைப் பற்றி. இயந்திரத்தைக் கழற்றுவதற்கு முன் கேஸை அவுட்டோருக்குள் இழுத்து அடைக்கும் "பம்ப் டவுன்" வேலையின்போது, பைப் ஏதாவது ஒரு பக்கம் திறந்திருந்தால் கம்ப்ரசர் காற்றையும் உறிஞ்சி, எண்ணெயோடு சேர்த்து அமுக்கி வெடித்துவிடக்கூடும். இப்படிப்பட்ட விபத்துகளில் மெக்கானிக்குகள் உயிரிழந்திருக்கிறார்கள். கசிவு உள்ள உங்கள் ஏசியில் இந்த ஆபத்து கூடுதலாகவே உண்டு. எனவே ஏசியில் கசிவு இருக்கிறது என்பதை, எக்ஸ்சேஞ்சில் எடுக்க வருபவரிடமும் கழற்ற வருபவரிடமும் வேலை தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பம்ப் டவுன் செய்யாமல், மீதிக் கேஸைத் தனிச் சிலிண்டரில் இறக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். வேலை நடக்கும்போது வீட்டில் யாரும் அவுட்டோர் யூனிட்டுக்கு அருகில் நிற்க வேண்டாம்.